பழைய அலங்காரக் கண்ணாடி: எந்த ஊர், எத்தனை வயது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் பெரும்பாலும் போஹீமியக் கண்ணாடியைப் பற்றியது. இன்றைய செக் குடியரசின் மேற்குப் பாதிதான் போஹீமியா. அங்கே 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் ஊதி, நிறமேற்றி, பட்டை தீட்டி, பொன் பூசி உலகம் முழுவதும் அனுப்பிய குவளைகள், பூச்சாடிகள், டிகாண்டர்கள் (மது ஊற்றிவைக்கும் மூடி போட்ட குடுவைகள்), அத்தர் குப்பிகள் பற்றிய கேள்விகளே அதிகம் வருகின்றன. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளிலும் இந்த வகைதான் அதிகம் கண்ணில் படுகிறது. ஆனால் விற்பவர் சொல்லும் பெயர் வேறாக இருக்கும். அதிலிருந்தே தொடங்கலாம்.

எங்கள் வீட்டுச் சிவப்புக் குவளைகளைத் தாத்தா காலத்திலிருந்தே ‘பெல்ஜியம் கண்ணாடி’ என்கிறார்கள். உண்மையிலேயே பெல்ஜியமா?

இருக்கலாம், ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். நம் ஊரில் ‘பெல்ஜியம்’ என்பது ஊர்ப்பெயராக இருந்து தரப்பெயராக மாறிவிட்டது. நல்ல கண்ணாடி என்றாலே பெல்ஜியம். செட்டிநாட்டு வீடுகளுக்கு பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடிகள் வந்தது உண்மை. 1826-இல் தொடங்கிய வால் சான் லாம்பேர் ஆலை அங்கே பெரிய பெயர். ஆனால் அதே வீட்டின் சரவிளக்கு பர்மிங்ஹாமின் ஆஸ்லர் நிறுவனத்துடையதாக இருக்கலாம். அவர்களுக்குக் கல்கத்தாவில் கடையே இருந்தது. அலமாரியில் உள்ள சிவப்பு, பச்சைக் குவளைகளும் பூ எழுதிய ஜாடிகளும் போஹீமியாவிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஒரே வீட்டில் மூன்று நாட்டுச் சரக்கு இருப்பது சாதாரணம்.

முதலில் எதைப் பார்ப்பது?

அடியில் உள்ள முத்திரையைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். அதைக் கடைசியில் பாருங்கள். முத்திரையைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் அதற்கு ஒத்துப்போவதுபோலவே தோன்ற ஆரம்பிக்கும்.

வரிசை இது: கண்ணாடி எந்த வகை, எப்படி உருவம் கொடுத்திருக்கிறார்கள், எப்படி அலங்கரித்திருக்கிறார்கள், எங்கே தேய்ந்திருக்கிறது, பிறகு முத்திரை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தைச் சொல்லும். அவற்றுள் எது மிகப் பிந்தியதோ அதைவிடப் பழையதாக அந்தப் பொருள் இருக்க முடியாது. உருவம் 1840-ஐச் சொல்கிறது, நிறம் 1929-க்குப் பிறகுதான் சாத்தியம் என்றால், விடை 1929-க்குப் பிறகுதான். இந்த ஒரு விதியை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதித் தவறுகள் குறையும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், 1 கிராம் வரை காட்டும் எலெக்ட்ரானிக் தராசு, ஒரு பிளாஸ்டிக் வாளி, நூல், ஒரு வெள்ளைத் தாள், ஒரு கறுப்புத் துணி. டார்ச் வாங்கும்போது 395 என்று போட்ட மலிவான ஊதா விளக்கை வாங்கிவிடாதீர்கள். அதன் ஊதா வெளிச்சமே மங்கலான ஒளிர்வை மறைத்துவிடும்.

அடிப்பாகம் என்ன சொல்லும்?

ஊதிய பாத்திரத்தைக் குழாயிலிருந்து கழற்றி வாயைச் சீர்செய்ய, அடியில் ஒரு இரும்புக் கோலை ஒட்டிப் பிடிப்பார்கள். அதன் பெயர் பாண்டில். பிறகு தட்டிக் கழற்றும்போது அங்கே ஒரு தழும்பு நிற்கும். சிலர் அதை அப்படியே விட்டார்கள், சிலர் தேய்த்து வழவழப்பான குழியாக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டு போஹீமியாவின் நல்ல சரக்கில் தேய்த்து மெருகிட்ட அடியையே அதிகம் காணலாம்.

‘அடியில் கரடுமுரடாக இருக்கிறது, ஆகவே நூறு வருஷம்’ என்பது சந்தையில் புழங்கும் பெரிய பொய். இன்றும் கையால் ஊதும் எவரும் பாண்டில் பிடிக்கிறார்கள், இன்றும் தழும்பு விழுகிறது. உள்ளே குமிழி இருந்தால் பழையது என்பதும் அப்படித்தான். நல்ல பழைய போஹீமியக் கண்ணாடி குமிழியில்லாமல் தெளிவாக இருக்கும். வேண்டுமென்றே குமிழி விட்டது பெரும்பாலும் பின்னால் வந்த பாணி.

அடியில் நம்பக்கூடியது தேய்மானம். பாத்திரத்தைக் கறுப்புத் துணிமேல் கவிழ்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து லென்ஸால் பாருங்கள். மேசையைத் தொடும் விளிம்பில் மட்டும் கீறல்கள் இருக்க வேண்டும். நீளமும் குட்டையுமாக, ஆழமும் மேலோட்டமுமாக, எல்லாத் திசையிலும் ஓடும். பலவற்றின் உள்ளே அழுக்கு படிந்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததென்றால் கீறல்கள் ஒரே திசையில் அணிவகுத்து நிற்கும். அல்லது வட்டமாக ஒரே ஆழத்தில் சுற்றும். மேசை ஒருபோதும் தொடாத உட்குழிவிலும் கீறல் இருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். அதே சமயம், அலமாரியில் பூட்டியே வைத்த சீர்வரிசைப் பொருளில் தேய்மானமே இல்லாமலும் இருக்கலாம். தேய்மானம் இல்லை என்பதாலேயே புதியது என்று சொல்லிவிட முடியாது.

ஈயம் கலந்த கண்ணாடியா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். இங்கிலாந்தில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674-இல் காப்புரிமை பெற்றதன் வழியே ஈயக் கண்ணாடி அங்கே நிலைபெற்றது. போஹீமியாவில் வெகுகாலம் மரச்சாம்பல் பொட்டாஷும் சுண்ணாம்பும் சேர்த்த கண்ணாடிதான். ஆகவே ‘இங்கிலாந்தா, போஹீமியாவா’ என்ற கேள்விக்கு எடை நல்ல சாட்சி. சுண்டிப் பார்த்து ஓசையை வைத்துச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வடிவத்தைப் பொறுத்தே ஓசை மாறும், விளிம்பும் தெறிக்கும்.

செய்முறை: பொருளை உலர்ந்த நிலையில் நிறுத்து, எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வாளியில் அறைச்சூட்டுத் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். பொருளை நூலில் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். நூலைக் கையில் பிடித்திருக்க வேண்டும், வாளிமேல் சாத்தக் கூடாது. இப்போது தராசு காட்டும் கிராம்தான் கண்ணாடியின் கன அளவு, மில்லிலிட்டரில். உலர்ந்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

ஒரு குவளை 386 கிராம், தண்ணீரில் தராசு காட்டியது 155 என்றால் 2.49. ஈயம் இல்லை. அதே எடைக்கு 126 காட்டினால் 3.06. நல்ல ஈயக் கண்ணாடி. பொதுவாக 2.4 முதல் 2.6 வரை பொட்டாஷ் அல்லது சோடாக் கண்ணாடி. 2.9-க்கு மேல் போனால் ஈயம்.

தவறுவது இரண்டு இடத்தில். கவிழ்ந்த பாதத்துக்கு அடியில் 10 மில்லி காற்று சிக்கிக்கொண்டால் 126 என்பது 136 ஆகி, விடை 2.84 என்று இறங்கிவிடும். ஆகவே சாய்த்து மூழ்கவைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். இரண்டாவது, 30 கிராம் எடையுள்ள அத்தர் குப்பி மூடியை 1 கிராம் தராசில் இப்படிப் பார்ப்பது வீண். ஒரு கிராம் பிசகினால் விடை 10 சதவீதம் ஓடும். அதற்கு நகைத் தராசு வேண்டும். பித்தளை வளையம் பொருத்தியது, ஒட்டுப்போட்டது, சுடாத பெயிண்ட் அடித்தது, தோலில் பொடிப்பொடியாக வெடிப்பு கண்டது ஆகியவற்றைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம்.

புற ஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிர்கிறது. யுரேனியமா?

கண்ணைப் பறிக்கும் பச்சையாக, இருட்டில் விளக்குப் போட்டதுபோல் ஒளிர்ந்தால் யுரேனியம். மங்கலான, அழுக்குப் பச்சை என்றால் பெரும்பாலும் நிறநீக்கியாகச் சேர்த்த மாங்கனீசு. நிறமற்ற கண்ணாடியில் இது சகஜம்.

போஹீமியாவில் ஜோசஃப் ரீடல் 1830-களில் மனைவி அன்னாவின் பெயரால் ‘அன்னாக்ரூன்’, ‘அன்னாகெல்ப்’ என்று பச்சையும் மஞ்சளுமாக யுரேனியக் கண்ணாடி செய்தார். ஆகவே ஒளிர்ந்தால் 1830-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மேல் எல்லை ஏதும் இல்லை, இன்றும் செய்கிறார்கள். வீட்டில் வைத்திருக்கலாமா என்று உடனே அடுத்த கேள்வி வரும். அலமாரியில் வைக்கலாம், அதில் சாப்பிட வேண்டாம்.

டார்ச்சின் இன்னொரு பயன் இதைவிடப் பெரிது. உடைந்து ஒட்டிய தண்டிலும் கைப்பிடியிலும் நவீனப் பசை வெளிர்நீலமாகவோ மஞ்சளாகவோ கோடு போட்டுக் காட்டிவிடும். வாங்கும் முன் எப்போதும் ஒரு முறை அடித்துப் பாருங்கள்.

பகலில் இளஊதா, டியூப்லைட்டில் நீலம். ஏன்?

நியோடிமியம் சேர்த்த கண்ணாடி. போஹீமியாவின் மோசர் நிறுவனம் இதை ‘அலெக்ஸாண்ட்ரிட்’ என்ற பெயரில் 1929-இல் கொண்டுவந்தது. பிறகு வேறு பலரும் செய்தார்கள். உருவம் எவ்வளவு பழையதாகத் தோன்றினாலும் 19-ஆம் நூற்றாண்டுப் பேச்சுக்கே இடமில்லை.

சிவப்புக் குவளையில் மான், கோட்டை, மரங்கள் வெள்ளையாகத் தெரிகின்றன. எந்தக் காலம்?

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதிகம் ஏமாறுவதும் இதில்தான். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கண்ணாடியில் சிவப்பு வர மூன்று வழிகள். கண்ணாடி முழுவதுமே சிவப்பாக இருப்பது ஒன்று. நிறமற்ற கண்ணாடிமேல் சிவப்புக் கண்ணாடியை ஓர் அடுக்காகப் போர்த்துவது இரண்டாவது. மூன்றாவது, செம்புச் சேர்மம் கலந்த குழம்பை மேலே தடவிச் சுடுவது. சூட்டில் செம்பு கண்ணாடியின் மேல்தோலுக்குள் இறங்கிச் சிவப்பாகும். இது சாயம். வெள்ளியைப் பயன்படுத்தினால் மஞ்சள் சாயம். போஹீமியாவின் ஹைடா என்ற ஊர், இன்றைய நோவி போர், அந்த வட்டாரத்தில் வாழ்ந்த ஃப்ரீட்ரிஷ் எகர்மான் (1777–1864) இந்த மஞ்சள், சிவப்புச் சாயங்களால் பெயர் பெற்றவர். சலவைக்கல் போன்ற ‘லித்யாலின்’ கண்ணாடியும் அவருடையதே.

எது என்று கண்டுபிடிக்க, வாய் விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பின்னால் வெள்ளைத் தாளை வையுங்கள். போர்த்திய கண்ணாடியில் நிறமற்ற அடுக்கும் சிவப்பு அடுக்கும் தனித்தனியாக, கனத்தோடு தெரியும். செதுக்கிய இடத்தின் ஓரத்தில் சிவப்பு ஒரு சிறு படிக்கட்டு போல இறங்கும். சாயமென்றால் கனமே தெரியாது. செதுக்கிய ஓரம் காகிதத்தில் கிழித்த கோடு மாதிரி பளிச்சென முடியும். நன்கு புழங்கியதில் கீறல் விழுந்த இடமெல்லாம் மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும்.

சாயமேற்றிச் செதுக்கிய மான் குவளை 1840-களிலும் செய்யப்பட்டது, 1890-இலும், 1930-இலும், 1970-இலும், இன்றும் நோவி போரில் செய்யப்படுகிறது. உருப்படிகளின் எண்ணிக்கையை எடுத்தால் 20-ஆம் நூற்றாண்டுதான் மிகப் பெரும்பான்மை. ஆகவே எதிர்ச்சான்று கிடைக்கும்வரை அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழையதைக் காட்டிக்கொடுப்பது செதுக்கல்தான். லென்ஸை மானின் கழுத்தில் வையுங்கள். நல்ல 19-ஆம் நூற்றாண்டு வேலையில் உடம்பு ஒரே குழியாக இருக்காது. தோள் ஆழம், வயிறு மேடு, கால் முட்டியில் தனி வெட்டு, ரோமத்துக்கு மயிரிழைக் கோடுகள் என்று பல அளவுச் செம்புச் சக்கரங்களை மாற்றி மாற்றிப் பிடித்தது தெரியும். மரத்தின் இலைகள் வேறு வேறு அளவில் இருக்கும். பிந்திய விரைவு வேலையில் உடல் ஒரே சக்கரத்தின் நான்கைந்து நீள்வட்டக் குழிகள், மரம் அரிசி தூவியதுபோல் ஒரே மாதிரி வெட்டுகள், ஒவ்வொரு குவளையிலும் அதே மான் அதே பக்கம் திரும்பி நிற்கும். ஆறு குவளைத் தொகுப்பில் இதை ஒரு பார்வையிலேயே பிடித்துவிடலாம்.

செதுக்கியதா, அமிலம் அரித்ததா, மணல் அடித்ததா?

சக்கரத்தால் செதுக்கியதில் ஆழம் இடத்துக்கு இடம் மாறும், குழியின் உள்ளே ஓடிய திசையைக் காட்டும் நுண்கோடுகள் இருக்கும். அமிலம் அரித்தால் முழு வடிவமும் ஒரே ஆழம். மணல் வீச்சு ஒரே சீரான கரடாக, உறைபனி போல இருக்கும். மணல் வீச்சுக்கு டில்மன் காப்புரிமை பெற்றது 1870-இல், ஆகவே அதற்கு முந்திய காலத்தைப் பேச வேண்டாம்.

பட்டை தீட்டிய கண்ணாடியில் விரலை மெதுவாக ஓட்டுங்கள். பழைய முறையில் மரச்சக்கரமும் மெருகுப் பொடியும் கொண்டு பட்டைகளை மெருகிட்டார்கள். ஓரங்கள் கூராக, சற்றே உறுத்தும். 20-ஆம் நூற்றாண்டில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத் தொட்டியில் முக்கி எடுத்து மெருகேற்றும் முறை பரவியது. அப்படிச் செய்ததில் ஓரங்கள் மழுங்கி, மெழுகு தடவியதுபோல் வழுக்கும். பட்டைக்கு நேராக உட்புறத்தில் விரலுக்கு மேடுபள்ளம் தட்டுப்பட்டாலோ, பட்டையின் குறுக்கே அச்சுக்கோடு ஓடினாலோ அது அச்சில் செய்தது.

எழுதிய பூ கைவேலையா, ஒட்டிய படமா?

எனாமல் என்பது நிறமூட்டிய கண்ணாடித் தூள். எண்ணெயில் குழைத்துத் தீட்டிச் சுட்டால் உருகிப் பிடித்துக்கொள்ளும். பாத்திரம் உருகாத சூட்டில் தூள் மட்டும் உருக வேண்டும் என்பதே இதிலுள்ள வித்தை. சூடு போதாமல் போனால் வண்ணம் பின்னால் தோலுரியும், மிஞ்சினால் பாத்திரம் கோணும். சற்றே கோணிய பழைய ஜாடியைக் குறையென்று தள்ளிவிட வேண்டாம்.

லென்ஸில் தூரிகையின் போக்கு தெரியும். இதழின் நுனியில் வண்ணம் திரண்டு, மறு ஓரத்தில் மெலிந்திருக்கும். இரண்டாம் பூவும் முதல் பூவும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. சிறு புள்ளிகளின் சேர்க்கையாக நிறம் தெரிந்தால் அச்சிட்ட படத்தை ஒட்டிச் சுட்டது. பலவற்றில் அச்சிட்ட கோட்டுக்குள் கையால் நிறம் நிரப்பியிருப்பார்கள், அதையும் ‘கைவேலை’ என்றே விற்பார்கள். சுடாமல் பெயிண்ட் அடித்தது நகத்தால் கீறினாலே பெயரும். ஆனால் கடையில் நின்று நகம் போட்டுப் பார்க்காதீர்கள். வண்ணத்தின் ஓரத்தை லென்ஸில் பார்த்தாலே, சுடாதது சுவரில் வெள்ளையடித்ததுபோல் செதில் எழும்பியிருப்பது தெரிந்துவிடும்.

பொன் பூச்சை வைத்துக் காலம் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு. கனமாகப் பூசிச் சுட்டு, அகேட் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கியது மென்மையான, ஆழமான மஞ்சள். பள்ளத்தில் தேய்க்காமல் விட்ட இடம் மங்கலாக நிற்கும். திரவப் பொன் என்பது சுட்டெடுத்தவுடனேயே கண்ணாடி மாதிரி பளபளக்கும், மிக மெல்லியது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலிவுச் சரக்கில் எங்கும் இதுதான். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊதா அல்லது பழுப்பாக ஊடுருவித் தெரியும்.

தேய்மானம் இங்கேயும் பேசும். உதடு படும் விளிம்பு, விரல் பிடிக்கும் தண்டு, மூடி உட்காரும் கழுத்து ஆகிய மூன்று இடத்திலும் பொன் குறைந்திருக்க வேண்டும். அங்கெல்லாம் முழுதாக இருந்து, எங்கோ நடு வயிற்றில் மட்டும் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

கழுகுச் சின்னமும் ‘1650’ என்ற ஆண்டும் எழுதிய உயரமான பச்சைக் கோப்பை. 17-ஆம் நூற்றாண்டா?

பெரும்பாலும் 1870-க்கும் 1900-க்கும் இடைப்பட்டது. பழைய ஜெர்மன் பாணிக்கு அப்போது ஏகப்பட்ட மோகம். போஹீமியாவை ஒட்டிய சைலீசியாவின் பீட்டர்ஸ்டார்ஃபில் ஃப்ரிட்ஸ் ஹெக்கர்ட் போன்ற பட்டறைகள் இவற்றைப் பழைய ஆண்டோடு சேர்த்தே எழுதின. ஏமாற்ற அல்ல, அலங்காரத்துக்கு. ஏமாற்றுவது பின்னால் கைமாறும்போது நடந்தது. பலவற்றில் அடியில் பட்டறையின் எண்ணும் எழுத்தும் சிறிதாக எழுதியிருக்கும். அது சுரண்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளை எனாமலில் குழந்தை உருவம். ‘மேரி கிரெகரி’ என்கிறார்கள்.

அது வகைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். மேரி கிரெகரி அமெரிக்காவின் பாஸ்டன் அண்டு சாண்ட்விச் ஆலையில் 1880-களின் தொடக்கத்தில் வேலை பார்த்தவர். இந்தக் குழந்தைகளை அவர் வரைந்ததற்கு ஆதாரமில்லை. பெருவாரியானவை போஹீமியாவில், குறிப்பாக யாப்லோனெட்ஸ் வட்டாரத்தில் செய்தவை. 20-ஆம் நூற்றாண்டிலும் நிறைய வந்தன. உடை மடிப்பும் முகமும் எவ்வளவு நுணுக்கமோ அந்த அளவுக்குப் பழையதாக இருக்க வாய்ப்பு.

அடியில் நாட்டின் பெயர் இருக்கிறது. அதை எப்படி வாசிப்பது?

செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது 1918 அக்டோபர் 28. அந்தப் பெயர் இருந்தால் அதற்குப் பிந்தியது. 1938 அக்டோபரில் கண்ணாடி ஊர்கள் பெரும்பாலும் ஜெர்மனியின் கைக்குப் போயின, 1945-இல் திரும்பின, 1992 முடிவோடு அந்த நாடே பிரிந்தது. ஆகவே பெயர் தரும் காலம் 1918–38 அல்லது 1945–92. எது என்பதை வேலையின் தரமும் தேய்மானமும் சொல்ல வேண்டும். ‘போஹீமியா கிளாஸ்’ என்று அச்சிட்ட பளபளப்பு ஸ்டிக்கர் என்றால் பெரும்பாலும் 1945-க்குப் பின். ‘செக் ரிபப்ளிக்’ என்றால் 1993-க்குப் பின்.

‘ஆஸ்ட்ரியா’ என்றிருந்தால் 1918-க்கு முன் போஹீமியா அந்தப் பேரரசில் இருந்ததைக் குறிக்கலாம். அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டதால் ஏற்றுமதிச் சரக்கில் இது வந்தது. பெயரே இல்லாததால் 1891-க்கு முந்தியது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அது நிற்காது. நம் நாட்டுக்கு வந்த சரக்கை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை, அமெரிக்காவுக்குப் போனதிலும் காகித லேபிள் ஒட்டினால் போதும், கழுவினால் போய்விடும்.

சாய்சதுரக் குறிக்குள் எழுத்துகள் இருக்கின்றனவே?

பிரிட்டன். வடிவமைப்புப் பதிவுக் குறி, 1842 முதல் 1883 வரை. மேல் வட்டத்தில் ரோமன் மூன்று இருந்தால் கண்ணாடிப் பிரிவு. ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1867 வரை மேல் மூலையில், 1868 முதல் வலது மூலையில். 1884-இலிருந்து ‘ஆர்டி’ என்று தொடங்கும் தொடர் எண். அது வடிவத்தைப் பதிந்த ஆண்டு மட்டுமே, அதே அச்சில் பிறகு பல வருஷம் வார்த்திருக்கலாம்.

முத்திரையே இல்லை. விற்பவர் ‘மோசர்’ என்கிறார்.

லுட்விக் மோசர் 1857-இல் கார்ல்ஸ்பாடில், இன்றைய கார்லோவி வாரியில், தொழில் தொடங்கினார். சொந்தக் கண்ணாடி ஆலை வந்தது 1893-இல்தான். அதுவரை ஹராக் போன்ற ஆலைகளிடம் வெறும் பாத்திரம் வாங்கி, தன் பட்டறையில் அலங்கரித்தார். போஹீமியாவில் இது பொதுவான முறை. ஊதியது ஓர் ஊர், எழுதியது அடுத்த ஊர், விற்றது மூன்றாவது ஊர். ஹைடாவிலும் ஸ்டைன்ஷோனாவிலும் இப்படி வாங்கி அலங்கரிக்கும் பட்டறைகள் ஏராளம். ஆகவே ‘யார் செய்தது’ என்ற கேள்விக்குப் பல சமயம் இரண்டு பதில் உண்டு, இரண்டுமே சரி.

மோசரின் பாணியை அதே காலத்தில் பத்துப் பேர் செய்தார்கள். முத்திரை இல்லாத ஓக் இலை, பொன் பட்டைக்குள் போர்வீரர் வரிசை எல்லாவற்றையும் மோசர் தலையில் கட்டுவது வியாபாரம். ‘போஹீமியா’ என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மையான குறிப்பு.

அடியில் பொன்னிலோ வெள்ளையிலோ எழுதிய எண்ணை ஆண்டாக எண்ணிவிடாதீர்கள். அது வடிவ எண் அல்லது அலங்கார எண். டிகாண்டரில் இன்னொரு எண் பயனுள்ளது: கழுத்திலும் மூடியிலும் ஊசியால் கீறியதுபோல் ஒரே எண் இருக்கும். ஒவ்வொரு மூடியையும் அதன் கழுத்துக்கே உரசிப் பொருத்தியதால் கலந்துவிடாமல் இருக்கப் போட்டது. எண் மாறியிருந்தால் மூடி வேறு வீட்டுப் பிள்ளை.

‘காலே’ என்று கையெழுத்துள்ள பூச்சாடி?

பிரான்சின் நான்சி நகரத்துக் கண்ணாடிக் கலைஞர் எமில் காலே 1904-இல் இறந்தார். அவர் ஆலை அதற்குப் பிறகும் நடந்தது. இறந்தபின் சில காலம் கையெழுத்தருகே ஒரு நட்சத்திரம் சேர்த்தார்கள். ருமேனியாவில் செய்த நகல்களில் பெயரோடு ‘டிப்’ (TIP) என்றிருக்கும், ‘அந்த வகை’ என்று பொருள். அந்த மூன்றெழுத்தைத் தேய்த்து அழித்துவிட்டு விற்பது வழக்கமான தந்திரம். பெயருக்கு அருகில் வழவழப்பான, காரணமில்லாத சிறு பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள்.

பார்ப்பதற்கு முன் கழுவலாமா?

முதலில் படம் எடுங்கள். பள்ளத்தில் உள்ள அழுக்கும் லேபிளின் மிச்சமும் சாட்சிகள். பிறகு பிளாஸ்டிக் தொட்டியில் துண்டை விரித்து, வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு மென்சோப்பு, ஒவ்வொன்றாக. பொன்னும் எனாமலும் உள்ள இடத்தில் புளி, எலுமிச்சை, வினிகர், பாத்திரம் தேய்க்கும் தூள் எதுவும் கூடாது. புளித்தண்ணீரில் பித்தளையோடு சேர்த்து ஊறவைத்த பூ வேலை மங்கித்தான் எழும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துப் போகலாமா?

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டுக்குக் குறையாத பொருளைத் தொல்பொருளாகக் கருத இடம் தருகிறது. தனியார் அவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. நூறுக்குக் குறைவு என்று நீங்கள் நினைத்தாலும் சுங்கத்தில் வாதாடுவது கஷ்டம். பயணத்துக்கு முன்பே இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு குவளையை முழுதாகப் பார்த்துக் காட்ட முடியுமா?

சந்தையில் அடிக்கடி கிடைக்கும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதம் வைத்த சிவப்புக் குவளை, உயரம் ஒரு சாண், வயிற்றில் மானும் கோட்டையும், விளிம்பில் பொன். ‘150 வருஷம், பெல்ஜியம்’ என்கிறார் கடைக்காரர்.

அடர்த்தி 2.48, ஈயம் இல்லை. புற ஊதாவில் குறிப்பாக எதுவும் ஒளிரவில்லை, ஒட்டுப்போட்ட கோடும் இல்லை. விளிம்பைப் பார்த்தால் சிவப்புக்குக் கனமில்லை, சாயம். மான் நான்கு நீள்வட்டக் குழியும் மூன்று கோடும், மரம் அரிசி தூவியது. பொன் கண்ணாடி போல் மின்னுகிறது, வெளிச்சத்தில் ஊதாவாக ஊடுருவுகிறது, உதடு படும் இடத்தில் பாதி போய்விட்டது. பட்டைகளின் ஓரம் விரலுக்கு மழுங்கல், அமில மெருகு. அடியில் விளிம்பை ஒட்டி எல்லாத் திசையிலும் கீறல். கடைசியாக முத்திரை: மெல்லிய சிறு வட்டத்துக்குள் அமிலத்தால் பதித்த ‘மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா’, லென்ஸில்தான் படிக்க முடிகிறது.

குறிப்பில் எழுத வேண்டியது: போஹீமியா, நோவி போர் பாணி, செம்புச் சாயம், சக்கரச் செதுக்கல், திரவப் பொன், காலம் 1918–38 அல்லது 1945–92, விளிம்புப் பொன் தேய்ந்தது. விலை பேசுவது 150 வருஷத்துக்கு அல்ல, இதற்கு.